சொல்லப்படாத நோய்க்கு மருந்தில்லை

வைத்தியசாலைக்குப் போய்வந்த ஒருவரிடம், “டொக்டர் என்ன சொன்னவர்?” என்று கேட்டால், எமது ஊர்களில் அடிக்கடி கிடைக்கும் பதில் இதுதான்: “என்னத்தைச் சொன்னவர்? நான் வாய் திறக்க முதலே துண்டு எழுதி முடிஞ்சுது.” விடியப்புறம் எழும்பி, பஸ் ஏறி, இலக்கம் எடுத்து, மத்தியானம் வரை வாங்கிலில் காத்திருந்த ஒருவரின் மனத்தாங்கல் அது. அதில் நியாயம் உண்டு.

மேசையின் அந்தப் பக்கத்திலும் ஒரு மனத்தாங்கல் உண்டு. “எத்தனை நாளாய் வருத்தம்?” என்று கேட்டால், “கனநாளாய்” என்பார்கள். “என்ன மருந்து குடிக்கிறீர்கள்?” என்று கேட்டால், “சின்ன வெள்ளைக் குளிசை” என்பார்கள். உண்மையான விடயம் வைத்தியரின் அறைக்குள் வெளிவராது. வெளியே வந்தபின், பஸ் தரிப்பிடத்து மர நிழலில், பக்கத்தில் இருப்பவரிடம் முழுக் கதையும் வெளிவரும். அங்கே அதைக் கேட்டு மருந்து எழுத ஒருவரும் இல்லை.

நோயாளி தன் நோயின் கதையைச் சொல்வதும், மற்றவர் அதைக் கவனமாகக் கேட்பதும் வெறும் மரியாதைக்குரிய காரியங்கள் அல்ல. குளிசையும் ஊசியும் போல அவையும் சிகிச்சையின் ஒரு பகுதியே. இக்கட்டுரை அதனையே விளக்க முயல்கிறது. இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

கதையில் பாதி வைத்தியம்

பேசுவதற்கு ‘கதைத்தல்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் மக்கள் நாம். ஆகவே இங்கு கதை என்பது கற்பனைக் கதை அன்று. வருத்தம் எப்போது தொடங்கியது, அப்போது நான் எங்கே என்ன செய்துகொண்டிருந்தேன், அதன்பின் என்ன நடந்தது, இப்போது எனக்கு என்ன பயம் என்று ஒழுங்காகச் சொல்லப்படும் சம்பவங்களின் தொடரே நோயின் கதை ஆகும்.

இக்கதையின் பெறுமதியை வைத்தியர்களே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1975 இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வில், வைத்தியசாலைக்குப் புதிதாக அனுப்பப்பட்ட 80 நோயாளர்கள் அவதானிக்கப்பட்டனர். அவர்களுள் 66 பேரின் நோய் இன்னதென்பதை, அவர்களின் வரலாற்றைக் கேட்டறிந்ததைக் கொண்டே வைத்தியர்கள் சரியாக அனுமானித்திருந்தனர். உடலைத் தொட்டுப் பார்த்ததாலும், இரத்தம், எக்ஸ்றே போன்ற பரிசோதனைகளாலும் முடிவு மாறியவர்கள் மிகச் சிலரே. இன்று இயந்திரங்கள் பெருகிவிட்டன. ஆயினும் எந்த இயந்திரத்தில் எதைத் தேடுவது என்பதை இன்றும் நோயாளியின் வாய்மொழியே காட்டுகிறது.

அப்படியிருந்தும் கதை முழுமையாகக் கேட்கப்படுகிறதா? 1984 இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் வைத்தியர்களின் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தனர். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 செக்கனில் வைத்தியர் குறுக்கிடுவதை அவர்கள் கண்டனர். “விட்டால் நாள் முழுக்கக் கதைப்பார்கள்” என்ற பயமே இதற்குப் பெரும்பாலும் காரணம். அந்தப் பயம் சரியானதா என்பதைச் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் சோதித்துப் பார்த்தனர். குறுக்கிடாமல் இருக்க வைத்தியர்கள் பயிற்றப்பட்டார்கள். 335 நோயாளர்கள் தாமாகப் பேசி முடிக்க எடுத்த நேரம் கணிக்கப்பட்டது. சராசரி 92 செக்கன். நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் பேசி முடித்திருந்தனர். 2002 இல் வெளிவந்த முடிவு இது. முழுக்கதையையும் கேட்க ஒரு நாள் வேண்டியதில்லை. இரண்டு நிமிடம் போதும் என்பதே இதன் பொருள்.

வயலும் பாயும் சொல்லும் சேதி

கமக்காரரின் வாழ்வில் இது உயிர்ப் பிரச்சினையாகும். இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது எலிக்காய்ச்சல். எலி, மாடு முதலியவற்றின் சலத்தில் இருக்கும் கிருமி வயற்சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலந்து, காலிலுள்ள சிறு வெடிப்பு அல்லது காயம் வழியாக உடலுக்குள் போகிறது. காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் கடும் உளைவு, கண் சிவத்தல் என்று அது தொடங்கும். இக்குணங்கள் வேறு காய்ச்சல்களிலும் உண்டு. ஆரம்பத்தில் பிடித்தால் சாதாரண மருந்துகளால் மாற்றலாம். பிந்தினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் சுவாசப்பையையும் தாக்கி உயிரைக் கொண்டுபோகும். 2008 இல் இலங்கை முழுவதும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவானது. இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து மரணங்கள் நேர்ந்து மக்கள் கலங்கியபோது, காரணம் எலிக்காய்ச்சல் என்றே கண்டறியப்பட்டது.

இப்போது ஒரு கமக்காரர் வைத்தியரிடம் போய், “மூன்று நாளாய்க் காய்ச்சல்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பனடோல் கிடைக்கும். “போன கிழமை முழுக்க வெள்ளம் நின்ற வயலுக்குள் வேலை செய்தேன், காலில் வெட்டுக்காயம் இருந்தது, இப்போது சலமும் குறைவாகப் போகிறது” என்று சொன்னால், அவருக்கு நடக்கும் வைத்தியமே வேறு. ஒரு வசனம் ஓர் உயிரைக் காக்கும். (வயலில் இறங்குமுன் எடுக்கவேண்டிய தடுப்புக் குளிசையைப் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது கட்டுவிரியன் கடி. இப்பாம்பு இரவில் கொட்டிலுக்குள் புகுந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் பெரிய நோவோ வீக்கமோ இராது. பல்லடையாளமும் தெரியாமற் போகலாம். கடிபட்டவர் தூக்கத்தில் அதை உணராமலே விடுவார். விடியற்காலையில் வயிற்று நோவு வரும். பின்னர் கண்ணிமை சரியும், விழுங்க முடியாது, மூச்சு அடங்கும். “வயிற்றுக்குத்து” என்று மட்டும் சொன்னால் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைக்க இடமுண்டு. “ராத்திரி நிலத்தில் படுத்தனான், விடியத்தான் குத்துத் தொடங்கினது, கண் திறக்கக் கஷ்டமாய் இருக்கு” என்றால், வைத்தியர் உடனே பாம்பைப் பற்றி யோசிப்பார். இப்படியான வேளையில் தாமதியாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சைப் பெறுங்கள். நோயாளியோடு, நடந்ததைச் சொல்லத் தெரிந்த ஒருவர் கட்டாயம் போகவேண்டும்.

கூச்சம் மறைக்கும் கதை

வேறொரு வகைக் கதையும் உண்டு. ஒரு தாய்க்குச் சலரோகம். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். சீனி குறைவதாயில்லை. குளிசையின் அளவு கூட்டப்படுகிறது. உண்மையில் அவர் காலைக் குளிசையை எடுப்பதில்லை. காலையில் வீட்டில் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தேத்தண்ணியோடு கூலி வேலைக்குப் போகிறார். வெறுவயிற்றில் குளிசை போட்டால் தலை சுற்றி விழுந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். “வீட்டில் சாப்பாடு இல்லை” என்பதை வைத்தியருக்கு முன்னால், வரிசையில் நிற்கும் சனங்களுக்கு முன்னால், சொல்ல அவருக்குக் கூச்சம். ஒருநாள் கூட்டிய அளவுக் குளிசையை அவர் பட்டினியோடு விழுங்கினால் ஆபத்து நேரும். இங்கே குறைபாடு மருந்தில் இல்லை. சொல்லப்படாத கதையில்தான் இருக்கிறது.

இடம்பெயர்ந்தோருக்கு இது ஏன் அதிகம் பொருந்தும் என்பது இங்கே விளங்கும். ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காலத்தில், உங்கள் கதையை உங்களுக்குப் பதிலாக ஊரே அறிந்திருந்தது. பரிகாரியாருக்கு உங்கள் அப்புவின் வருத்தமும் தெரியும். உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் தெரியும். 1990 இலோ 1995 இலோ 2009 இலோ ஊரைவிட்டு ஓடியபோது கிளினிக் கொப்பி மட்டுமன்றி, உங்களை அறிந்த அந்த ஊரும் கைவிட்டுப் போயிற்று. புதிய இடத்து வைத்தியருக்கு நீங்கள் யாரென்று தெரியாது. இப்போது உங்கள் நோயின் வரலாற்றுக்கு நீங்களே பொறுப்பாளி. அதைச் சொல்லத் தெரிவது அவசியமான ஒரு திறமை ஆகிவிட்டது.

வைத்தியர்கள் கதை படிக்கும் கல்வி

கேட்பதைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்பதை உலகின் பல மருத்துவக் கல்லூரிகள் இன்று ஏற்றுக்கொண்டுள்ளன. நியூயோர்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா ஷரோன் என்னும் பெண் வைத்தியர் இதில் முன்னோடி. வைத்தியராக இருந்துகொண்டே ஆங்கில இலக்கியத்திலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். 2000 ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிவைத்த துறையைக் ‘கதைவழி மருத்துவம்’ எனத் தமிழில் கூறலாம். வைத்திய மாணவர்கள் கதைகளை வாசித்து, யார் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், எங்கே தயங்குகிறார் என்று கவனிக்கப் பழகுகிறார்கள். வைத்தியசாலைப் பதிவில் எழுத இடமில்லாதவற்றை, உதாரணமாக ஒரு நோயாளியைப் பார்த்தபோது தம் மனத்தில் எழுந்த துக்கத்தையும் கோபத்தையும், தனிக் கொப்பியில் சாதாரண மொழியில் எழுதிப் பிறருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்.

அவருக்கு முன்னரே ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல வைத்தியரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், நோயாளியிடம் கேட்கவேண்டிய சில எளிய கேள்விகளை 1978 இல் தம் சகபாடிகளோடு சேர்ந்து வெளியிட்டார். அவற்றின் சாரம் வருமாறு: இந்த வருத்தத்துக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்? இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது? இதனால் உங்கள் வாழ்க்கையில் என்ன கஷ்டம் வந்திருக்கிறது? இதைப்பற்றி உங்களுக்கு மிகவும் பயமான விடயம் என்ன?

இவை வைத்தியர்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. சுகாதாரத் தொண்டர்கள், மாதர் சங்கத்தினர், நோயாளியைப் பார்க்கப் போகும் பங்குச் சபையினர் எவரும் கேட்கலாம். “செய்வினை” என்றோ “கண்ணூறு” என்றோ பதில் வந்தாலும் சிரிக்கக் கூடாது. அந்தப் பதிலுக்குள் ஒரு பகையோ, ஒரு மரணமோ, ஒரு மனச்சுமையோ ஒளிந்திருக்கலாம்.

“யோசனை” என்னும் வருத்தம்

போரும் இடப்பெயர்வும் கண்ட மக்களின் துயரம் பெரும்பாலும் ‘துயரம்’ என்ற பெயரோடு வைத்தியரிடம் வருவதில்லை. “நெஞ்சுக்குள்ளை ஏதோ செய்யுது”, “உடம்பெல்லாம் உளையுது”, “சாப்பாடு இறங்குதில்லை”, “யோசிச்சு யோசிச்சுத் தலை வெடிக்குது” என்று உடம்பின் மொழியிலேயே வரும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணிபுரிந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தமிழரின் உளத்துயரம் பெரும்பாலும் உடல் நோவுகளாகவே வெளிப்படுவதை எடுத்துக்காட்டியுள்ளார். தனி மனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்பதையும் அவர் தம் எழுத்துக்களில் வற்புறுத்தி வந்துள்ளார். ஆகவே ஆறுதலும் குடும்பத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் இருந்தே வளரவேண்டும்.

இதற்கு ஆபிரிக்காவிலுள்ள சிம்பாப்வே நாட்டிலிருந்து ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அங்கு 2005 இல் அரசாங்கம் நகரங்களிலிருந்த ஏழைகளின் குடியிருப்புகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் ஏழு இலட்சம் பேர் என ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. நாட்டிலிருந்த மனநல வைத்தியர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களுள் ஒருவரான டிக்சன் சிபண்டா தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் பணி செய்ய வந்தார். அவருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை, தாதியரும் இல்லை, ஓர் அறைதானும் இல்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். ஏற்கெனவே சுகாதாரத் தொண்டர்களாக இருந்த வயதான பெண்கள். 2006 இல் அவர்களைக் கொண்டு, கிளினிக் வளவில் மரத்துக்குக் கீழே போடப்பட்ட ஒரு வாங்கிலில் வேலை தொடங்கியது.

முதலில் அதற்கு ‘மனநல வாங்கில்’ என்று பெயரிட எண்ணினார்கள். பாட்டிமார் மறுத்தார்கள். அப்படிப் பெயர் வைத்தால் ஒருவரும் வந்து இருக்கமாட்டார்கள் என்றார்கள். அது ‘நட்பு வாங்கில்’ ஆயிற்று. வருபவர்களின் வருத்தத்துக்கு ஆங்கிலப் பெயரையும் அவர்கள் பயன்படுத்தவில்லை. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்ற சொல் உண்டு. ‘அளவுக்கு மிஞ்சி யோசித்தல்’ என்பது அதன் பொருள். எமது பெண்கள் “ஒரே யோசனை” என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை!

அந்த வாங்கிலில் நடப்பது இதுதான். வந்தவர் தன் கதையைச் சொல்லுவார். பாட்டி கேட்பார். ‘மனதைத் திறத்தல்’ என்பது இம்முதற் படியின் பெயர். பின்னர், சொன்ன பிரச்சினைகளுள் ஒன்றை மட்டும் வந்தவரே தெரிவுசெய்வார். அதற்குச் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தை இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள். அடுத்த முறை வரும்போது அது நடந்ததா என்று பார்ப்பார்கள். இப்படி ஆறு தடவை. அதன்பின் அவர் ஒரு குழுவோடு சேர்க்கப்படுவார். அங்கே பெண்கள் பழைய பிளாஸ்ரிக்கைக் கொண்டு பைகள் பின்னியபடி கதைப்பார்கள். பைகளை விற்றுச் சிறு வருமானமும் பெறுவார்கள்.

இதன் பலனை 24 கிளினிக்குகளில் 573 பேரைக் கொண்டு சோதித்து 2016 இல் வெளியிட்டனர். ஆறு மாதங்களின் பின், வாங்கிலில் இருந்து கதைத்தவர்களுள் நூற்றுக்குச் சுமார் 14 பேரிடமே மனச்சோர்வின் குணங்கள் காணப்பட்டன. வழமையான கவனிப்பை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 50 பேர் அளவில் அக்குணங்களோடு இருந்தனர். பாட்டிமார் பட்டதாரிகள் அல்லர். ஆயினும் அவர்கள் முறையாகப் பயிற்றப்பட்டார்கள். தொடர்ந்து மேற்பார்வையும் செய்யப்பட்டார்கள். அவர்களால் தீர்க்க முடியாதவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இந்த ஒழுங்கு இன்றியமையாதது.

கேட்பது விசாரணை அல்ல

இடம்பெயர்ந்த மக்கள் தங்கள் கதையைச் சொல்லாதவர்கள் அல்லர். சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள். பதிவுக்கு வந்தவர், நிவாரணத்துக்கு வந்தவர், ஆய்வுக்கு வந்தவர், ஆணைக்குழு என்று எத்தனை பேர்! எத்தனை படிவங்கள்! “எழுதிக்கொண்டு போனார்கள், பிறகு ஆளைக் காணவில்லை” என்ற பேச்சு எந்த முகாமிலும் கேட்டதுதான். விபரம் திரட்டுவது வேறு, கேட்பது வேறு. விபரம் திரட்டுபவருக்குத் தன் படிவம் நிரம்பவேண்டும். கேட்பவருக்கு முன்னால் இருப்பவர் முக்கியம்.

ஆகவே ஒருவரது இழப்பைக் கிண்டிக் கிளறிச் சொல்லவைப்பது உதவி ஆகாது. பேரிடருக்குப் பின், பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டி நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்தால் மனக்காயம் ஆறும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது பலன் தரவில்லை என்றும் சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்றும் பின்னர் கண்டார்கள். 2011 இல் உலக சுகாதார நிறுவனம் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் மூன்று சொற்களில் வழிகாட்டுகிறது: பார், கேள், இணை. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. அருகில் இருப்பதும், தண்ணீர் கொடுப்பதும், பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுங்கூட உதவியே.

‘இணை’ என்ற மூன்றாவது சொல்லை மறக்க வேண்டாம். காணி பறிபோனவரின் யோசனை, காது கொடுத்துக் கேட்பதால் மட்டும் தீராது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கு ஆறுதல் வார்த்தை பதில் ஆகாது. அவருக்கு வேண்டியது உண்மை. கேட்பவர் அம்மக்களை வைத்தியரோடும், பிரதேச செயலகத்தோடும், சட்ட உதவியோடும், ஒருவரை ஒருவர் தாங்கும் அயலவரோடும் இணைத்துவிடவேண்டும். நீதிக்குப் பதிலாக ஆலோசனை வழங்குவது கேட்பதாகாது, அது வாயடைப்பதாகும்.

அதேபோல, கதை பரிசோதனைக்கு மாற்றீடு அல்ல. உலர்வலயத்துக் கமக்காரரைப் பீடிக்கும் சிறுநீரக நோய் தொடக்கத்தில் எந்தக் குணத்தையும் காட்டாது. சொல்வதற்குக் கதையே இராது. இரத்தமும் சலமும் பரிசோதித்தே அதைக் கண்டுபிடிக்கலாம். பரிசோதனைக்குக் கூப்பிட்டால் போகவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

வைத்தியரிடம் போகுமுன்:

1. சொல்லவேண்டிய முக்கியமான மூன்று விடயங்களை இரவே யோசித்து, ஒரு துண்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

2. “கனநாளாய்” என்னாமல், நீங்கள் அறிந்த நாட்கணக்கில் சொல்லுங்கள்: “விதைப்பு முடிந்த கிழமை”, “திருவிழாக் கொடியேற்றத்துக்கு அடுத்த நாள்”.

3. செய்யும் வேலை, நிற்கும் வயல், அடிக்கும் மருந்து, குடிக்கும் தண்ணீர், படுக்கும் இடம் ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

4. எல்லாக் குளிசைகளையும் நாட்டு மருந்தையும் உறையோடு ஒரு பையில் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியை ஈரம்படாத பையில் வையுங்கள். அவசரமாக ஓடவேண்டி வந்தாலும் அடையாள அட்டையோடு அதுவும் வரட்டும்.

5. உங்கள் பயத்தை ஒளிக்காதீர்கள். “இது புற்றுநோயோ என்று பயமாய் இருக்கு டொக்டர்” என்று சொல்வதில் வெட்கமில்லை. குளிசை எடுக்கவில்லை என்றால் எடுக்காத காரணத்தையும் சொல்லுங்கள்.

6. வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மொழி தெரிந்த வளர்ந்தவர் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். ஒரு தாயின் அந்தரங்க வருத்தத்தை அவரது மகனைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்யாதீர்கள். அந்த இடத்தில் கதை மறைந்துவிடும்.

7. வெளியே வருமுன், விளங்கியதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: “அப்ப காலையிலை ஒண்டு, சாப்பிட்ட பிறகு, அப்படித்தானே?”

ஒருவரது கதையைக் கேட்கும்போது:

1. அவருக்குச் சமமாக இருங்கள். நின்றுகொண்டு கேட்காதீர்கள். கைத்தொலைபேசியை அப்பால் வையுங்கள்.

2. முதல் இரண்டு நிமிடம் குறுக்கிடாதீர்கள். “எனக்கும் இப்படித்தான்” என்று உங்கள் கதையைத் தொடங்காதீர்கள்.

3. “அழாதே” என்று சொல்லாதீர்கள். எமது செத்தவீடுகளில் பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுதார்கள். இறந்தவரின் வாழ்வையே அவர்கள் அங்கு கதையாகச் சொன்னார்கள். அப்படி அழவும் வழியில்லாமல் உறவுகளைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

4. கேட்டதை உங்களோடு வைத்திருங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியிடுவதில்லை என்ற நம்பிக்கையினாலேயே மக்கள் அங்கு வாய் திறக்கிறார்கள். அத்தகைய நம்பிக்கை ஊரில் கேட்பவர்மேலும் இருக்கவேண்டும். ஒருமுறை கதை வெளியே போனால், அந்த வீட்டில் எவரும் மறுபடி வாய் திறக்கமாட்டார்கள்.

5. “செத்துப்போனால் நல்லது” என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சி மருந்தை அப்புறப்படுத்துங்கள். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.

வழியில் நின்றவர்

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்தில் நின்று பார்ப்பவரையும் சேர்த்தார். கேள்விக்கென்றே ஓர் அதிகாரத்தையும் வகுத்தார். எமது மரபு கேட்பதன் அருமையை அறியாதது அன்று.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வருடமாக இரத்தப்போக்கு. வைத்தியர்களுக்கே உடைமை எல்லாவற்றையும் செலவழித்தவர். இயேசுவோ சாகக் கிடக்கும் ஒரு சிறுமியின் வீட்டுக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். கூட்டம் நெருக்குகிறது. அப்பெண் பின்னால் வந்து அவரது ஆடையைத் தொட்ட உடனேயே குணமாகிவிட்டார். அத்தோடு போயிருக்கலாம். இயேசு நின்றார், யார் தொட்டது என்று தேடினார். அவர் பயந்து நடுங்கி முன்னே வந்து, நடந்ததை முழுவதும் சொன்னார் என்று மாற்கு எழுதுகிறார். சனங்களுக்கு நடுவே, அத்தனை அவசரத்திலும், அவர் சொல்லி முடிக்கும்வரை இயேசு நின்று கேட்டார். பின்னர் அவரை மகளே என்று அழைத்தார். உடல் ஏற்கெனவே சுகமடைந்துவிட்டது; ஒதுக்கப்பட்ட அந்தப் பெண், கேட்கப்பட்டதால் மீண்டும் ஒரு குடும்பத்துக்கு உரியவரானார்.

எமது வைத்தியசாலைகளில் வரிசை நாளைக்கே குறையப்போவதில்லை. வைத்தியர்களின் தொகையை நாம் கூட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு மரமும் அதன் கீழே போட ஒரு வாங்கிலும் உண்டு. கேட்கத் தெரிந்த ஆச்சிமார் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க, பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியிடமும் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவிடமும் மாதர் சங்கங்கள் இப்போதே கேட்கலாம்.

கலந்துரையாடலுக்கு

1. கடைசியாக வைத்தியரிடம் போனபோது நீங்கள் சொல்லாமல் வந்த விடயம் எது? ஏன் சொல்லவில்லை?

2. உங்கள் குடியிருப்பில் மக்கள் நம்பிக்கையோடு தம் கதையைச் சொல்லக்கூடிய மூன்று பேர் யார்? அவர்களுக்கு என்ன பயிற்சி தேவை?

3. “யோசனை” என்று சொல்லும் ஒருவரது யோசனைக்குக் காரணமானவற்றுள், கேட்பதால் ஆறுவது எது? சேர்ந்து போராடிப் பெறவேண்டியது எது?